கரண்ட் போன மூன்று நிமிடம்: பழைய கல்யாண கேசட்டை மீட்டு வீட்டோடு உட்கார்ந்து சிரிக்க ஒரு முழு வழிகாட்டி

பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டை இறக்கி, ஓட்டிப் பார்த்து, நாலு பேரோடு சிரிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கேசட்டையே தொலைத்தவர்கள் உண்டு. கேசட்டைக் காப்பாற்றிவிட்டுச் சிரிப்பைத் தொலைத்தவர்கள் அதைவிட அதிகம். அந்த இரண்டாவது வகையில் நானும் ஒருவன்.

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று சொந்தக்காரர்கள் வீடுகளில் இறக்கிய கேசட்டுகளை வைத்துக் கற்றுக்கொண்டது இது. படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை: ஓடுகிற டெக் (வீடியோ கேசட்டை ஓட்டும் விசிஆர்) ஒன்று, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர், டெக்கின் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் ஏற்ற யுஎஸ்பியில் செருகும் கேப்சர் கருவி, 50 ஜிபி காலி இடமுள்ள கணினி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு நோட்டு. செல்போன் உதிரி பாகக் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் ஆல்கஹாலைத் தந்துவிடுவார்கள். இவற்றோடு, நாசமாகப் போனாலும் கவலையில்லை என்கிற பழைய சினிமா கேசட் ஒன்றும் வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான். பலி கொடுக்க ஓர் ஆடு இல்லாமல் டெக்கைத் தொடாதீர்கள்.

1. டெக்கைத் தேடும் முன் கேசட்டைத் தேடுங்கள்

டெக்கை வாங்கி வந்துவிட்டுப் பிறகு பரணில் ஏறுகிறவர்கள் பலர். ஏறினால் கிடைப்பது உள்ளங்கை அளவு 8 மி.மீ. கேசட்டாக இருக்கும். அது பெரிய கேசட்டுக்கான சாதாரண விஎச்எஸ் டெக்கில் நுழையவே நுழையாது, அந்த வகைக் கேசட்டை ஓட்டும் கேமராவோ டெக்கோ வேண்டும். விஎச்எஸ்-சி என்ற குட்டி கேசட்டாக இருந்தால் அடாப்டர் போட்டு ஓட்டலாம். என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு கருவிக்குச் செலவழியுங்கள்.

லேபிளை நம்பாதீர்கள். ‘அக்கா கல்யாணம் - பாகம் 2’ என்று எழுதியிருக்கும். முதல் இருபது நிமிடம் அக்கா கல்யாணம்தான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை தூர்தர்ஷன் ஒலியும் ஒளியும், நடுவில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை, அதற்குப் பின்னால் யாரோ பதிந்த சுடலைமாடன் கோவில் கொடை. பெயரே எழுதாத கேசட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். என் அனுபவத்தில் நல்ல சரக்கு அதில்தான்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேசட்டின் முதுகுப் பக்கம், இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். காது இல்லாத கேசட்டில் டெக் பதியாது. நான் இதைச் செய்யாமல் விட்டு, ப்ளே பட்டனுக்குப் பதில் ரெக்கார்டை அழுத்தினேன். சித்தப்பா தாலி கட்டும் இடத்தில் இன்றைக்கும் நாற்பது விநாடி நீலத் திரை ஓடுகிறது.

2. மோந்து பாருங்கள்

கேசட்டின் மேல் மூடியில் இரண்டு கண்ணாடி ஜன்னல் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்து, சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் சரி. திருநீறு தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் பூசணம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரியும், நனைந்த சாக்கு வாடை அடிக்கும்.

நம் பக்கத்தில் இது அதிகம். தென்காசி, குற்றாலம் ஓரத்து வீடுகளில் ஆண்டுதோறும் சாரல் ஈரம். ஆற்றோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

பூசணம் பூத்த கேசட்டை ஒருமுறை ஓட்டினால் அந்தத் தூள் டெக்கின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அடுத்து நுழையும் நல்ல கேசட்டுக்கும் பரவும். ஆகவே அவற்றைத் தனிப் பையில் கட்டி, மற்றதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கவனியுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூள் நெஞ்சுக்கு ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துபோனதே, அதில் நனைந்த கேசட்டுகள் இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கின்றன. காய்ந்துவிட்டது என்று டெக்கில் போடாதீர்கள். உள்ளே வண்டல் இருக்கும், அது உப்புத்தாள்போல் டெக்கின் ஹெட்டை (நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் நுனி) தேய்த்துவிடும். கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் ஃபேன் காற்றில் பல நாள் உலர்த்த வேண்டும். வெயிலோ ஹேர் டிரையரோ ஆகாது, சூட்டில் நாடா நெளிந்துவிடும்.

கூட்டைத் திறக்க அடியில் ஐந்து ஸ்க்ரூ உண்டு. அவற்றைக் கழற்றியதும் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தபடி லேபிள் பக்கம் மேலே வருமாறு திருப்பி, அப்புறம் மேல் மூடியைத் தூக்குங்கள். திருப்பாமல் தூக்கினால் ஸ்பிரிங்கும் உருளையும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். தூக்கியதும் முதல் வேலையாகப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எது எங்கே இருந்தது என்று பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

நாடா அறுந்திருந்தால் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். இதற்கென்று உள்ள ஒட்டுநாடா இல்லையென்றால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

3. டெக்

2016க்குப் பிறகு புது டெக் எங்கும் தயாராவதில்லை. கிடைப்பதெல்லாம் பழையது. துபாய், சவூதி போய் வந்தவர்கள் வீட்டு ஷோகேஸில் துணி போர்த்தி இருக்கும் டெக்கை முதலில் விசாரியுங்கள். அவை பெரும்பாலும் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று படம் பதியும் பல முறைகளிலும் ஓடக்கூடியவை, கரண்டும் ஒத்துப்போகும். அமெரிக்காவிலிருந்து வந்த டெக் 120 வோல்ட்டுக்கானது, முறையும் என்டிஎஸ்சி. நம் ஊர்க் கேசட் எல்லாம் பால். ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

வாங்கும் முன் பலி ஆட்டைப் போட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கிறதா, ஓடுகிறதா, பின்னால் சுற்றுகிறதா, கடைசியில் வெளியே தள்ளுகிறதா. இந்த நாலாவதைத்தான் பார்க்காமல் வந்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப்போயிருந்தால் கேசட்டை விழுங்கிவிட்டு, தராமல் நாடாவைக் கடித்துக்கொண்டிருக்கும்.

ஓடுகிறது ஆனால் படம் பனி பெய்வதுபோல் இருக்கிறது என்றால் ஹெட் அழுக்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு மேல்மூடியைத் திறங்கள். நடுவில் பளபளவென்று சாய்ந்து நிற்கும் உருளைதான் டிரம். வெள்ளைத் தாளை மடித்து ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் வைத்துப் பிடித்து, இன்னொரு கையால் டிரம்மின் தலையை மெதுவாகச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். முடி கனமுள்ள அது ஓட்டத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுவது. காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம், பஞ்சிழை சிக்கிக்கொள்ளும். அரை மணி காயவிட்டு, திரும்பவும் பலி ஆடு.

4. முதலில் சுற்றுங்கள், பிறகு ஓட்டுங்கள்

180 நிமிடக் கேசட்டுக்குள் 250 மீட்டருக்கு மேல் நாடா இருக்கிறது. முப்பது வருடமாக ஒரே நிலையில் கிடந்ததால் சில இடத்தில் தளர்ந்தும் சில இடத்தில் ஒட்டியும் இருக்கும். கடைசி வரை முன்னால் ஒருமுறை, திரும்பப் பின்னால் ஒருமுறை சுற்றினால் ஒரே சீராக ஆகிவிடும். சுற்றும்போது டெக் முக்கும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

ஏசி அறையிலிருந்தோ மழை நாளில் வெளியிலிருந்தோ கொண்டுவந்த கேசட்டை இரண்டு மணி நேரம் டெக் பக்கத்திலேயே வையுங்கள். ஈரம் கோத்திருந்தால் நாடா டிரம்மில் ஒட்டிச் சுருண்டுவிடும்.

5. முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யுங்கள்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். டெக் ஓடியதுமே “ஏ எல்லாரும் வாங்க” என்று வீட்டைக் கூட்டிவிடுவார்கள். ஒரு நல்ல இடம் வரும், திரும்பப் போடச் சொல்வார்கள், நிறுத்திப் பார்ப்பார்கள், திரும்ப ஓட்டுவார்கள். பழைய நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடலாம். நிறுத்தி வைத்தால் டிரம் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். யாரையும் கூப்பிடாதீர்கள். முதலில் கணினிக்குள் ஏற்றுங்கள்.

டெக்கின் மஞ்சள் ஓட்டையிலிருந்து படம், வெள்ளையிலிருந்து ஒலி. ஒரே ஒலி ஓட்டை உள்ள டெக்கில் சிவப்பு வயர் சும்மா தொங்கட்டும். கணினியில் ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். அமைப்பில் பால், 720க்கு 576, விநாடிக்கு 25 பிரேம். படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், கருவி என்டிஎஸ்சியில் நிற்கிறது.

படத்தின் அளவு 4:3. அகலத் திரைக்கு இழுக்காதீர்கள். இழுத்தால் மாப்பிள்ளை குட்டையாகி, பெண் வீட்டார் எல்லோரும் பருத்துவிடுவார்கள். அது வேறு சிரிப்பு, நமக்கு வேண்டாம். கையை வீசும்போது சீப்புப் பல்போல் கோடு தெரிந்தால் ‘டிஇன்டர்லேஸ்’ என்பதில் யாடிஃப் 2எக்ஸைத் தேர்ந்தெடுங்கள். அடியில் சில கோடு எப்போதும் கிழிந்து நடுங்கும். அது விஎச்எஸ்ஸின் பிறவிக் குணம். நடுவில் கோடு ஓடினால் டெக்கில் ட்ராக்கிங்கைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி ஆகும், மூன்று மணிக் கேசட்டுக்கு 11 ஜிபி. ஒன்றும் இல்லாததுபோல் தெரிந்தாலும் கேசட் முடியும்வரை நிறுத்தாதீர்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது. முடிந்ததும் முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிறுத்தி வைத்து, உள்ளே நிஜமாக என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதுங்கள்.

6. நோட்டோடு தனியாக உட்கார்ந்து, முழுவதும் பாருங்கள்

மூன்று மணி நேரமும். வேகமாக ஓட்டாமல். அலுப்பாகத்தான் இருக்கும். இந்தக் கேசட்டுகளின் சிரிப்பு அந்த அலுப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். வீடியோக்காரருக்கு நிரப்ப 180 நிமிடம் இருந்தது. எதிரில் நின்றவர்களுக்கோ அதுவரை தெரிந்ததெல்லாம் போட்டோ. கேமரா வந்தால் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும், ‘க்ளிக்’ கேட்டதும் விட்டுவிடலாம். இங்கே க்ளிக் வரவே வராது. வீடியோக்காரரின் சன்கன் என்ற பளீர் லைட் கண்ணைக் கூச, அம்பாசமுத்திரத்து மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு சிலையாக நிற்கிறார். ஐந்து விநாடி. பத்து விநாடி. கண் மட்டும் பக்கத்தில் போகிறது. இருபதாவது விநாடியில் உதடு அசையாமல் பக்கத்து ஆளிடம் கேட்கிறார்: “எடுத்தாச்சாவே?” அந்த இருபது விநாடியையும் பார்க்காமல் கடைசிக் கேள்வியை மட்டும் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை.

பந்தியை விடாதீர்கள். லைட் வரிசையாக நகர்ந்து வர, ஒவ்வொருவராகச் சாப்பிடுவதை நிறுத்துவார்கள். அப்பளம் பாதி வாயில், பாதி வெளியில். எங்கள் கேசட் ஒன்றில் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) ஊற்றுகிறவர் அகப்பையைத் தூக்கிப் பிடித்து கேமராவுக்குப் போஸ் கொடுக்கிறார். சொதி சொட்டுச் சொட்டாக ஒருவர் தோளில் விழுகிறது. தோளுக்குரியவரும் போஸில்தான் இருக்கிறார். இரண்டு பேரும் அசையவில்லை. ஒரு நிமிடம் நாற்பது விநாடி!

அடுத்து, வீடியோக்காரர் படத்தில் வித்தை காட்டும் வீடியோ மிக்ஸர் புதுசாக வாங்கிய வருடத்துக் கேசட்டைக் கண்டுபிடியுங்கள். அடையாளம் சுலபம். மணமக்கள் இதயத்துக்குள் வருவார்கள், ரோஜாவுக்குள் வருவார்கள், சதுரம் சதுரமாக உடைந்து மொய் எழுதும் இடத்தில் போய்ச் சேருவார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு பட்டனையும் வீணாக்க அவருக்கு மனம் வராது. எல்லா வித்தையும் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் இதயத்தைவிட ஒன்பதாவது இதயத்துக்குத்தான் சிரிப்பு வரும்.

அவுட்டோர் பகுதி குற்றாலத்திலோ பாபநாசத்திலோ எடுத்திருப்பார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை மரத்தில் சாய்ந்திருப்பார், பாட்டு பின்னால் ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது அவரை இல்லை. அவருக்குப் பின்னால், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டோடு, கையைக் கட்டிக்கொண்டு இந்தக் கூத்தை வேடிக்கை பார்க்கும் ஏழெட்டுப் பேரை.

இனி, கேசட்டை ஏன் நிறுத்தாமல் ஏற்றச் சொன்னேன் என்பது. கேமராவில் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பட்டன்தான். ஒருமுறை கணக்குத் தப்பினால் எல்லாம் தலைகீழ். தோளில் தூக்கி வைத்துப் படம் எடுக்கும்போது நிற்கும், கீழே தொங்கவிட்டு நடக்கும்போது பதியும். பத்து நிமிடத்துக்குத் தரை, செருப்பு, ஓடுகிற ஒரு கோழி, அதோடு வீடியோக்காரரும் லைட் பையனும் பேசும் ரகசியம்: “இந்த வீட்ல சாப்பாடு போடுவானா மாட்டானாலே?” வீட்டார் இதை அந்தக் காலத்திலேயே பார்த்துக் கோபப்பட்டு வேகமாக ஓட்டித் தள்ளியிருப்பார்கள். இப்போது மொத்தக் கல்யாணத்திலும் நடிக்காத இடம் இது ஒன்றுதான்.

கரண்ட் போன இடமும் அப்படியே. லைட் கரண்டில் எரிவது, கேமரா பேட்டரியில் ஓடுவது. திரை கறுத்துப்போகும், குரல் மட்டும் வரும். பலர் ‘ஒன்றும் இல்லை’ என்று வெட்டி எறிவது இதைத்தான். நோட்டில் பெரிதாக நட்சத்திரம் போடுங்கள்.

7. ஆள் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்

கூட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது இது. கூட்டத்தில் வைத்துக் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், முகம் மட்டும் சுருங்கிவிடும்.

சடங்கு (பூப்புனித நீராட்டு) கேசட்டை, அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்காமல் போடாதீர்கள். அன்றைக்கும் அவளை யாரும் கேட்கவில்லை. இப்போது அவளுக்குக் கல்லூரி போகும் மகன் இருப்பான். “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். பிரிந்துபோன தம்பதியின் கல்யாணக் கேசட்டுக்கும் இதே விதி.

மொய் மைக்கைப் பொறுத்தவரை என் யோசனை, ஒலியை முன்னாலேயே கேட்டுவிடுங்கள் என்பது. யார் எவ்வளவு செய்தார் என்று சத்தமாக வாசித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரியப்பாவின் 11 ரூபாய் முப்பது வருடம் கழித்து மறுபடி வாசிக்கப்பட்டது. மதினி இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இறந்தவர்கள் வரும் இடத்தையும் நோட்டில் குறியுங்கள். ஆச்சி திரையில் வெற்றிலை மடித்துக்கொண்டு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோகும். அதற்குப் பின்னால் உடனே ஒன்பதாவது இதயத்தைப் போட்டால் எடுபடாது. அந்த இடத்தில் காபி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த வீடியோக்காரரைக் கண்டுபிடிக்க முடிந்தால் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டவர் முதலில் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். தரையும் செருப்பும் வந்தபோது, “அது நான் இல்ல அண்ணாச்சி, என் அசிஸ்டென்ட்” என்றார். அதில் வந்த குரல் அவருடையதுதான்.

8. வெட்டாமல் வெட்டுங்கள்

நான் முதலில் செய்த தவறு இது. நல்ல இடங்களை முப்பது விநாடித் துண்டுகளாக நறுக்கி, இடையில் ‘டொய்ங்’ சத்தம் போட்டு, மேலே நக்கலாக ஒரு வரி எழுதி, குடும்பக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அம்மா மட்டும், “முழுசாப் போடுலே, என்னத்தயோ அறுத்து அறுத்துப் போடுத” என்றாள். முழுசாகப் போட்ட அன்று அந்தச் சொதிக் காட்சிக்கு அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் இருபது விநாடியாவது விடுங்கள், பின்னாலும் விடுங்கள். சத்தம், எழுத்து எதுவும் சேர்க்க வேண்டாம். எங்கே சிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டால், தானாகக் கண்டுபிடிக்கும் சுகம் பார்ப்பவருக்குப் போய்விடும். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வோர் ஓரத்தில் போகும், அதையும் கெடுக்காதீர்கள்.

மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால், பின்னணி சினிமாப் பாட்டுக்கு உரிமை கேட்டு அறிவிப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள். நான் ஏற்றுவதில்லை.

9. காட்டும் இரவு

மொட்டை மாடி, வாடகை புரொஜெக்டர், இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய எட்டு முழ வேட்டி. கரையை மடித்து உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லோர் தலையிலும் பச்சைக்கோடு ஓடும். பெரியவர்களை முன்னால் உட்கார வையுங்கள். அவர்கள்தான் “அந்தா நிக்கான் பாரு” என்று ஆளைக் காட்டுவார்கள். திரையில் உள்ளதைவிட அந்த வர்ணனைக்குத்தான் பின்வரிசை சிரிக்கும்.

முதலில் இதயமும் ரோஜாவும், கூட்டம் லேசாகும். அப்புறம் மாமாவின் “எடுத்தாச்சாவே”, பந்தி, குற்றாலம், காபி. கடைசியில் கரண்ட் போன இடம்.

அதற்கு முன்னால் மாடி லைட், படி லைட், பக்கத்து வீட்டு லைட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிடுங்கள். திரையும் இருட்டு, மாடியும் இருட்டு. ஒரு குழந்தை அழுகிறது. ஏதோ பாத்திரம் உருள்கிறது. “ஜெனரேட்டர்க்காரன எங்கலே?” என்று தாத்தா கத்துகிறார். “டீ குடிக்கப் போயிருக்கான்.” “இப்பமா டீ?” மூன்று நிமிடமும் இப்படியே. எங்கள் மாடியில் இரண்டாவது நிமிடம் இருட்டுக்குள்ளிருந்து சித்தப்பா பதில் குரல் கொடுத்தார்: “தாலிய எங்கிட்டதான் குடுத்திருக்கு, பயப்படாதிய.”

திரையில் வெளிச்சம் திரும்பி வரும்வரை யாரும் லைட்டைப் போட்டுவிடக் கூடாது. சுவிட்ச் பக்கத்தில் பொறுப்பான ஒரு ஆளை உட்கார வையுங்கள்.